வாழ்க்கைத்தர வினாப்படிவத்தின் ஆங்கிலப் பதிப்பும் சீனப் பதிப்பும்: ஒப்பிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சீனர்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆங்கிலம்தான் எளிதாக வாசிக்க வரும். இன்னொரு பகுதியினர், குறிப்பாக முதியவர்கள், சீனத்தில்தான் வாசிப்பார்கள். அங்கே ஒரு புற்றுநோய்ப் பிரிவில் நோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தை, அதாவது உடலும் மனமும் அன்றாட வாழ்வும் எப்படி இருக்கின்றன என்பதை, அளக்கப் புறப்பட்டால் ஒரே வினாப்படிவத்தை இரண்டு மொழிகளில் கொடுத்தே ஆகவேண்டும். வந்த மதிப்பெண்களை ஒரே பட்டியலில் சேர்க்கலாமா என்பதுதான் அடுத்த சிக்கல். 2000-களின் தொடக்கத்திலிருந்து சிங்கப்பூர் ஆய்வாளர்கள் எஸ்எஃப்-36, ஈக்யூ-5டி, க்யூஎல்க்யூ-சி30, ஃபேக்ட்-ஜி ஆகிய படிவங்களை வைத்து இதைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். இப்படியொரு ஒப்பீட்டைச் செய்யப் போகிறவர்களும், பிறர் செய்ததை வாசித்து எடைபோட வேண்டியவர்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எந்தெந்தப் படிவங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

எஸ்எஃப்-36 பொதுப் படிவம். எந்த நோய்க்கும், நோயே இல்லாதவருக்கும் பொருந்தும். 36 கேள்விகள், 8 அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண். ஈக்யூ-5டி மிகச் சிறியது: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலைகள், வலி அல்லது அசௌகரியம், பதற்றம் அல்லது மனச்சோர்வு என்று ஐந்தே கேள்விகள், கூடவே 0 முதல் 100 வரை குறித்த ஒரு செங்குத்துக் கோடு. பழைய மூன்று நிலைப் பதிப்பில் 243 உடல்நிலைகள் வரும். ஐந்து நிலைப் பதிப்பில் 3,125.

புற்றுநோய்க்கென்றே இருப்பவை இரண்டு. ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான இஓஆர்டிசி உருவாக்கிய க்யூஎல்க்யூ-சி30-இல் 30 கேள்விகள்; அவற்றிலிருந்து 15 மதிப்பெண்கள் கிடைக்கும். அமெரிக்காவில் உருவான ஃபேக்ட்-ஜியின் நான்காம் பதிப்பில் 27 கூற்றுகள். உடல், குடும்பமும் சமூகமும், உணர்வு, செயல்பாடு என்ற நான்கு பகுதிகளின் கூட்டுத்தொகை 0 முதல் 108 வரை போகும். இரண்டுமே கடந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் கேட்கின்றன. கீழே வரும் உதாரணங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்து எடுத்தவை.

முறைப்படி மொழிபெயர்த்த படிவம்தானே? பிறகு எதற்கு ஒப்பீடு?

முறைப்படி என்றால் என்னவென்று முதலில் பார்ப்போம். இருவர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாக்குவார்கள். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அல்லது இருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார்கள். வேறுபாடுகளைக் களைந்தபின் நோயாளிகளிடம் கொடுத்து, புரிகிறதா, தயக்கம் தருகிறதா என்று கேட்பார்கள். இஓஆர்டிசி முறையில் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு 10 முதல் 15 நோயாளிகள் வரை வேண்டும்.

இத்தனையும் செய்தால் பொருள் தவறாது என்று நம்பலாம். ஆனால் எண் தவறாது என்பதற்கு இது உத்தரவாதம் அல்ல. ஒரே அளவு சோர்வுள்ள இருவரில் ஆங்கிலப் படிவம் வாங்கியவர் 2-ஐயும் சீனப் படிவம் வாங்கியவர் 3-ஐயும் வட்டமிடுகிறார்களா என்பது 15 பேரிடம் பேசித் தெரியவராது. நூற்றுக்கணக்கானோரின் விடைகள் இருந்தால்தான் தெரியும்.

ஆங்கிலக் குழு, சீனக் குழு இரண்டின் சராசரியைப் பார்த்து டி-சோதனை போட்டால் போதாதா?

போதாது. டி-சோதனை இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலா என்று மட்டுமே பார்க்கும். இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான்.

சிங்கப்பூரில் எந்த மொழிப் படிவத்தை வாங்குகிறார் என்பது அவருடைய வயதையும் படிப்பையும் பெருமளவு சொல்லிவிடும். சீன வழிப் பள்ளிகள் படிப்படியாகக் குறைந்து, 1987-க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியாகிவிட்டது. ஆகவே சீனப் படிவம் கேட்பவர் பெரும்பாலும் மூத்தவராக இருப்பார். படித்த ஆண்டுகளும் வருமானமும் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். நோய் முற்றியபின் மருத்துவமனைக்கு வந்தவராகவும் இருக்கக்கூடும். அவருடைய உடலியக்க மதிப்பெண் 8 புள்ளி குறைந்திருந்தால் அது மொழிபெயர்ப்பால் வந்ததா, 70 வயதால் வந்ததா? நேரடிச் சராசரி இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகக் கொடுத்துவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. முதியவர்கள் தங்கள் நிலையோடு சமாதானமாகி அதிக மதிப்பெண் கொடுத்து, அதே சமயம் சீனப் பதிப்பு மதிப்பெண்ணைக் கொஞ்சம் இறக்கினால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். 'வேறுபாடே இல்லை' என்று தப்பான நிம்மதி வரும்.

அப்படியானால் எப்படித்தான் ஒப்பிடுவது?

வழிகள் இரண்டு.

முதல் வழி: ஒவ்வொருவரும் தமக்கு எளிதான மொழியில் நிரப்பட்டும். பிறகு ரெக்ரஷனில் (ஒவ்வொரு காரணியின் பங்கையும் தனியே பிரிக்கும் கணக்கில்) வயது, பால், கல்வி, வீட்டுச் சூழல், நோயின் கட்டம், இப்போதைய சிகிச்சை, ஈகாக் செயல்திறன் நிலை (நோயாளி எவ்வளவு இயங்க முடிகிறது என்பதற்கான மருத்துவரின் அளவு; எண் கூடினால் நலிவு அதிகம்), தானே நிரப்பினாரா பேட்டியாளர் கேட்டு நிரப்பினாரா என்பவற்றைச் சேர்த்துச் சரிசெய்து, மீதமிருக்கும் மொழி வேறுபாட்டைப் பாருங்கள். இது நடைமுறைக்கு எளிது. நோயாளியின் உண்மை நிலைமைக்கும் நெருக்கமானது. ஒரு நிபந்தனை: சரிசெய்வதற்கு முன் வயது, கல்வி, மொழி மூன்றையும் குறுக்கே வைத்து அட்டவணை போடுங்கள். சீனப் படிவம் நிரப்பியவர்களில் நாற்பது வயதுக்குட்பட்ட பட்டதாரி ஒருவர்கூட இல்லை, ஆங்கிலம் நிரப்பியவர்களில் தொடக்கப்பள்ளியோடு நின்றவர் ஒருவர்கூட இல்லை என்றால் ரெக்ரஷன் கற்பனையில்தான் கணக்குப் போடும். இரு பக்கமும் ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் மட்டும் ஒப்பீட்டை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வழி: இரண்டு மொழியும் நன்றாக வாசிப்பவர்களைத் தேர்ந்து, ஒருவரையே இரண்டு படிவங்களையும் நிரப்பச் சொல்வது. யார் எதை முதலில் நிரப்புவது என்பதைச் சீட்டுக் குலுக்கல்போல் தற்போக்காக முடிவுசெய்ய வேண்டும். ஆள் மாறாததால் வயதும் படிப்பும் நோயும் தாமாகவே ஈடாகிவிடும். குறை என்னவென்றால் இருமொழி அறிந்தவர்கள் ஒரு தனி வகை. சீனம் மட்டுமே தெரிந்த பாட்டி அந்தக் கேள்வியை எப்படிப் புரிந்துகொள்வார் என்பதை ஆங்கிலமும் தெரிந்த முப்பத்தைந்து வயது ஆசிரியரின் விடை காட்டாது.

முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் அதன்மேல் நிற்கலாம்.

இருமொழியாளர் ஆய்வில் இரண்டு படிவங்களுக்கும் நடுவே எத்தனை நாள் விடலாம்?

அதே நாளில் கொடுத்தால் முதல் படிவத்தில் எதை வட்டமிட்டோம் என்பது நினைவிலிருக்கும். இரண்டு வாரம் விட்டால் உடல்நிலையே மாறியிருக்கும். கீமோதெரபி மூன்று வாரச் சுற்றில் நடக்கும்போது மருந்து ஏறிய முதல் சில நாட்களும் மூன்றாம் வாரமும் இரண்டு வேறு வாழ்க்கைகள். ஆகவே சுற்றின் தொடக்கத்தைத் தவிர்த்து இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி வைப்பது பல இடங்களில் ஒத்துவரும். சிகிச்சை முடிந்து கண்காணிப்பில் இருப்பவர்களானால் இரண்டு வாரம்கூடத் தாங்கும். இரண்டாம் முறை 'போன தடவையைவிட உடல்நிலை எப்படி: மேலா, அப்படியேவா, மோசமா?' என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுங்கள். அப்படியே என்றவர்களை மட்டும் தனியாக எடுத்தும் கணக்குப் பாருங்கள்.

பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. ஆங்கிலம், சீனம் இரண்டுக்கும் ஒட்டுறவு (இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பது; உச்சம் 1) 0.75 என்று வந்தால் அது நல்லதா கெட்டதா? அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தையே இரண்டு முறை கொடுத்தாலும் 0.78தான் வரும் என்றால் 0.75 மிக நல்லது. அதனால் நான்கு குழுக்களாகப் பிரியுங்கள்: ஆங்கிலம் பிறகு சீனம், சீனம் பிறகு ஆங்கிலம், இரண்டு முறையும் ஆங்கிலம், இரண்டு முறையும் சீனம். கடைசி இரண்டு குழுக்கள் இல்லாமல் முதல் இரண்டை எடைபோட அளவு கிடையாது.

'பி மதிப்பு 0.05-க்கு மேல், ஆகவே இரண்டு பதிப்பும் சமம்' என்று எழுதலாமா?

கூடாது. வேறுபாடு இருப்பதாக நிரூபிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். இருபது பேரை வைத்து ஆய்வு செய்தால் எதையுமே நிரூபிக்க முடியாது. அந்தக் கணக்கில் சிறிய ஆய்வுகள் எல்லாமே 'சமம்' என்று முடியும்.

சமானத்தைக் காட்ட வேறு கணக்கு. எவ்வளவு வேறுபாடு இருந்தால் பொருட்படுத்த வேண்டாம் என்று தரவைப் பார்ப்பதற்கு முன்பே ஓர் எல்லை வகுத்துவிட வேண்டும். பிறகு வேறுபாட்டின் 90 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வீச்சு) முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கண்டிப்பு வேண்டுவோர் 95 சதவீத இடைவெளியைப் பயன்படுத்துவார்கள்.

உதாரணத்துக்குச் சில எண்கள். எல்லை கூட்டல் கழித்தல் 5 புள்ளி. உணர்வு அளவுகோலில் சீனத்துக்கும் ஆங்கிலத்துக்கும் வேறுபாடு 2.1, இடைவெளி -1.2 முதல் 5.4 வரை. பூஜ்யம் உள்ளே இருப்பதால் டி-சோதனை 'வேறுபாடில்லை' என்னும். ஆனால் மேல்முனை 5-ஐத் தாண்டியதால் சமானம் நிறுவப்படவில்லை. இன்னோர் அளவுகோலில் வேறுபாடு 3.0, இடைவெளி 1.4 முதல் 4.6 வரை. டி-சோதனை இங்கே 'வேறுபாடு உண்டு' என்னும்; ஆனாலும் எல்லைக்குள் அடங்கிவிட்டதால் நடைமுறைக்கு இரண்டும் சமானம். இரண்டு கணக்கும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

அந்த எல்லையை எப்படி முடிவுசெய்வது?

நோயாளி உணரும் மாற்றத்தை அடிப்படையாக வைப்பதே நியாயம். க்யூஎல்க்யூ-சி30-க்கு 1998-இல் வெளியான ஓர் ஆய்வு பரவலாகப் பயன்படுகிறது: 5 முதல் 10 புள்ளி மாறினால் நோயாளி 'கொஞ்சம்' மாறியதாகச் சொல்கிறார், 10 முதல் 20 என்றால் நடுத்தரம், 20-க்கு மேல் பெரிய மாற்றம். ஆகவே 5-ஐ எல்லையாக வைப்பது கண்டிப்பானது, 10 தளர்வானது. ஃபேக்ட்-ஜியின் மொத்தத்தில் 3 முதல் 7 புள்ளி வரை பொருளுள்ள வேறுபாடாகக் கருதுகிறார்கள். எதுவும் கிடைக்காத அளவுகோலுக்குத் திட்ட விலக்கத்தில், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவில், பாதி என்ற வழக்கம் உண்டு. எங்கள் பார்வையில், திட்ட விலக்கம் 20 என்றால் 10 புள்ளியாகிவிடும் அந்த எல்லை, மொழிப் பிழைக்கு அனுமதிக்க அதிகம். ஒரு மருந்து தரும் பலனே பல சமயம் 5 முதல் 8 புள்ளிதான். அதே அளவுக்கு மொழியும் ஆட்டிவைக்கலாம் என்று விட்டுக்கொடுத்தால் எதை அளந்தோம் என்றே சொல்ல முடியாது.

எத்தனை பேர் வேண்டும்?

திட்ட விலக்கம் 20, எல்லை 5, உண்மையான வேறுபாடு பூஜ்யம், 90 சதவீத இடைவெளி, 80 சதவீதத் திறன் (உண்மையிலேயே சமானமாக இருந்தால் ஆய்வு அதைக் காட்டிவிடும் வாய்ப்பு) என்று வைத்தால் ஒரு மொழிக்கு 274 பேர், மொத்தம் 548. 95 சதவீத இடைவெளி என்றால் ஒரு மொழிக்குச் சுமார் 336. எல்லையை 10-ஆகத் தளர்த்தினால் ஒரு மொழிக்கு 69 போதும்; சிறிய ஆய்வுகள் 10-ஐத் தேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருமொழியாளர் வழியில் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். இரண்டு முறைகளுக்கும் ஒட்டுறவு 0.8 என்றால், ஒருவருடைய இரண்டு மதிப்பெண்களின் வேறுபாட்டுக்குத் திட்ட விலக்கம் 12.6 ஆகிறது. எல்லை 5-க்கே 55 முதல் 60 பேர் போதும். பாதியில் நின்றுவிடுபவர்களையும் உடல்நிலை மாறியவர்களையும் எண்ணி 80 பேரைச் சேர்ப்பது புத்திசாலித்தனம். மேலே சொன்ன ஒரே மொழிக் குழுக்கள் இரண்டும் இதற்கு மேல் கூடுதல்.

இந்தக் கணக்கு ஓர் அளவுகோலுக்கானது. க்யூஎல்க்யூ-சி30-இன் 15 மதிப்பெண்களும் சமானம் என்று காட்ட வேண்டுமானால் ஒவ்வொன்றும் தேற வேண்டும். ஒன்றிரண்டு தற்செயலாகவே தவறும். எந்த அளவுகோல்கள் முதன்மையானவை என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள்.

மொத்த மதிப்பெண் சமானம் என்றால் ஒவ்வொரு கேள்வியும் சமானம்தானே?

இல்லை. இதை எண்ணால் பார்ப்பதே நல்லது.

க்யூஎல்க்யூ-சி30-இல் விடைகள் 1 முதல் 4 வரை. விடைகளின் சராசரியில் 1-ஐக் கழித்து, 3-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்குவார்கள். செயல்பாட்டு அளவுகோலாக இருந்தால் அதை 100-இலிருந்து கழிப்பார்கள். உணர்வு அளவுகோலில் 21 முதல் 24 வரை நான்கு கேள்விகள்: இறுக்கம், கவலை, எரிச்சல், மனச்சோர்வு. ஒருவர் 1, 2, 2, 1 என்று வட்டமிட்டால் சராசரி 1.5, மதிப்பெண் 83.3. இந்த நான்கில் ஒன்று மட்டும் சீனத்தில் சற்றுக் கடுமையாக ஒலித்து, பத்துப் பேரில் மூவர் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறார்கள் என்று வைப்போம். ஒரு படிக்கு 8.3 புள்ளி. மூவருக்கு மட்டும் என்பதால் குழுச் சராசரி 2.5 புள்ளிதான் மாறும். எல்லை 5 என்றால் கண்ணுக்கே தெரியாது.

இப்போது அதே அளவு பிழை மூச்சுத்திணறல் கேள்வியில் வந்தால்? அது தனிக்கேள்வி, அதுவேதான் அளவுகோலும். ஒரு படி 33.3 புள்ளி. பத்தில் மூவர் மாறினால் சராசரி 10 புள்ளி நகர்ந்துவிடும். தூக்கமின்மை, பசியின்மை, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, பணச்சுமை எல்லாமே இப்படித் தனிக்கேள்விகள். மொழியின் பாதிப்பு இங்கேதான் முதலில் தலைகாட்டும். ஒப்பீட்டறிக்கையை வாசிக்கும்போது இந்த ஆறையும் முதலில் பாருங்கள்.

கேள்வி வாரியாகச் சோதிப்பது எப்படி?

டிஐஎஃப் என்ற முறை. ஒரே மொத்த மதிப்பெண் பெற்ற இருவர், மொழி வேறு என்ற ஒரே காரணத்தால் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு வேறு விடை தருகிறார்களா என்று தேடுவது. வரிசைநிலை லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் மூன்று மாதிரிகளை அடுத்தடுத்து ஓட்டுங்கள்: அளவுகோல் மதிப்பெண் மட்டும், அதோடு மொழி, அதோடு இரண்டின் பெருக்கம். இரண்டாம் கட்டத்தில் மாற்றம் வந்தால் மொழி எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளுகிறது. மூன்றாம் கட்டத்தில் வந்தால் லேசான நோயுள்ளவரை ஒருவிதமாகவும் கடுமையான நோயுள்ளவரை வேறுவிதமாகவும் தள்ளுகிறது; இது இன்னும் சிக்கல். ஆயிரம் பேர் இருந்தால் அற்பமான வேறுபாடும் புள்ளியியல்ரீதியாகத் தெரியவரும். ஆகவே அளவையும் பாருங்கள்: க்யூஎல்க்யூ-சி30 மொழி ஆய்வுகளில் லாக் ஆட்ஸ் 0.64, அதாவது வாய்ப்பு விகிதம் ஏறக்குறைய 1.9, என்பதை வரம்பாக வைத்திருக்கிறார்கள்.

தனிக்கேள்வி அளவுகோலுக்கு இந்த முறை செல்லாது, ஒப்பிட வேறு கேள்வி இல்லையே. இரண்டே கேள்விகள் உள்ளவற்றிலும் பலவீனம்தான்: ஒன்று மேலே போனால் மற்றொன்று தானாகவே கீழே போனதாகக் காட்டும்.

சிக்கல் வழக்கமாக எங்கிருந்து வருகிறது?

விடைத் தேர்வுகளிலிருந்து. கேள்வியைக் கவனமாக மொழிபெயர்த்துவிட்டு 'கொஞ்சம்', 'ஓரளவு', 'மிகவும்' போன்ற நான்கைந்து சொற்களை அவசரமாக முடித்துவிடுவதுண்டு. கேள்வி பிழைத்தால் ஒரு கேள்வியோடு போகும். விடைச் சொல் பிழைத்தால் படிவம் முழுக்கப் பரவும். இரண்டாம் மூன்றாம் படிகளுக்கு நடுவிலுள்ள தூரம் இரு மொழிகளிலும் ஒன்றா என்று பார்க்க ஒரு வழி: விடைச் சொற்களை மட்டும் எடுத்து, 10 சென்டிமீட்டர் கோட்டில் ஒவ்வொன்றும் எங்கே உட்காரும் என்று இருமொழியாளர்களைப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வாழ்க்கைச் சூழல். எஸ்எஃப்-36-இன் அமெரிக்கப் பதிப்பில் நடுத்தர உழைப்புக்கு உதாரணமாகக் கோல்ஃப் வருகிறது. ஹாங்காங் சீனப் பதிப்பில் அந்த இடத்தில் தைச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி. இரண்டுக்கும் தேவைப்படும் உடல்வலு ஏறக்குறைய ஒன்றுதானா என்பதை விடைகள்தான் சொல்ல வேண்டும். நடக்கும் தூரமும் அப்படியே. அமெரிக்கப் பதிப்பு மைலும் தெருக்கட்டமும் பேசும். பிரிட்டிஷ் பதிப்பு மைல், அரை மைல், நூறு கெஜம் என்னும். ஒரு மொழியில் ஒரு மைல், மறு மொழியில் ஒரு கிலோமீட்டர் என்று அமைந்துவிட்டால், 1.6 கிலோமீட்டரும் 1 கிலோமீட்டரும் இதயநோயாளிக்கு ஒன்றாகாது. சீனத்தை மட்டும் சோதிக்காமல் எந்த ஆங்கிலம் என்பதையும் கேட்க வேண்டியது இதனால்தான்.

மூன்றாவது, பேச விரும்பாத விஷயங்கள். ஃபேக்ட்-ஜியில் தாம்பத்திய உறவில் திருப்தி பற்றிய கூற்று உண்டு. பதில் சொல்ல விருப்பமில்லை என்று குறிக்கவும் அங்கேயே ஒரு கட்டம் இருக்கிறது. 'இறப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறேன்' என்ற கூற்றும் உண்டு. மரணத்தை வாய்விட்டுச் சொல்வதையே அபசகுனமாகக் கருதும் மூத்த சீனர்கள் இதைத் தாண்டிப் போய்விடக்கூடும். எந்தக் கேள்வி எந்த மொழியில் எத்தனை சதவீதம் காலியாக விடப்பட்டது என்ற அட்டவணை இல்லாத ஒப்பீட்டைப் பாதி ஒப்பீடு என்றே சொல்வோம்.

எதிர்மறைக் கூற்றுகள் குழப்புமா?

குழப்பும். ஃபேக்ட்-ஜியின் உணர்வுப் பகுதியில் ஆறு கூற்றுகள். ஐந்து கவலை, நம்பிக்கையிழப்பு போன்றவை, ஒன்று மட்டும் நோயைச் சமாளிக்கும் விதத்தில் திருப்தி என்று நேர்மறையாக வரும். ஒரே ஓட்டத்தில் வட்டமிட்டுக்கொண்டு வருபவர் அதையும் அதே பக்கம் வட்டமிட்டுவிடுவார். படிப்புக் குறைந்த குழுவில் இது அதிகம் நடந்தால் அந்த மொழியில் உள்ளொட்டு நம்பகத்தன்மை, அதாவது ஒரே பகுதியின் கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு, இறங்கும். அதை அளக்கும் எண்ணான ஆல்ஃபா சீனப் பதிப்பில் 0.7-க்குக் கீழே போனால் மொழிபெயர்ப்பைக் குறைசொல்லும் முன் அந்த ஒரு கூற்றை நீக்கி மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள்.

ஒரே சீனப் பதிப்பு எல்லாச் சீனர்களுக்கும் போதுமா?

எழுத்து இரண்டு வகை. சீனப் பெருநிலத்திலும் சிங்கப்பூரிலும் எளிமைப்படுத்திய வடிவம். ஹாங்காங்கிலும் தைவானிலும் மரபு வடிவம். சிங்கப்பூரில் 1969-இல்தான் எளிமைப்படுத்தல் தொடங்கியது என்பதால் அதற்கு முன் பள்ளி முடித்தவர்கள் மரபு எழுத்தில் படித்தவர்கள். எழுத்தை மட்டும் கணினியில் மாற்றி அச்சிட்டால் போதாது. அன்றாடச் சொற்களும் ஊருக்கு ஊர் வேறு. ஹாங்காங் பதிப்பைச் சிங்கப்பூரில் பயன்படுத்துவதென்றால் உள்ளூர் நோயாளிகளிடம் ஒருமுறை வாசிக்கக் கொடுத்துக் கேட்பது அவசியம்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பேட்டியாளர் கேட்டு நிரப்பினால்?

இங்கேதான் ஆய்வாளர் அறியாமல் மூன்றாவது பதிப்பு ஒன்று பிறக்கிறது. பாட்டிக்கு ஹொக்கியன் அல்லது கான்டனீஸ்தான் வரும். பேட்டியாளர் கையில் இருப்பது மாண்டரின் நடையில் எழுதிய படிவம். அவர் பார்த்துப் பார்த்து அங்கேயே வாய்மொழியாக மாற்றிச் சொல்கிறார். ஒவ்வொரு பேட்டியாளரும் வெவ்வேறு சொல். அந்த விடைகள் எல்லாம் தரவில் 'சீனம்' என்று பதிவாகின்றன.

செய்ய வேண்டியது: பேட்டியாளர் எந்தப் பேச்சுமொழியில் கேட்டார் என்பதற்குப் படிவத்தின் மூலையில் ஒரு கட்டம். பேச்சுவழக்குக்கு முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்ட வாசகம். நேரில் கேட்கும்போது மனநிலைக் கேள்விகளுக்கு மக்கள் கொஞ்சம் நன்றாகவே பதில் சொல்வார்கள் என்பதால், பகுப்பாய்வில் நேர்காணல் என்பதைத் தனி மாறியாக வையுங்கள். பக்கத்தில் மகனோ மகளோ உட்கார்ந்து பதில் எடுத்துக்கொடுத்தால் அதையும் குறியுங்கள்.

தரவு சேகரிக்கும்போது கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள்?

சில்லறை என்றாலும் ஆய்வையே கவிழ்ப்பவை.

இரண்டு மொழியிலும் ஒரே பதிப்பெண்ணா என்று பாருங்கள். க்யூஎல்க்யூ-சி30-இன் பழைய பதிப்புகளில் முதல் ஐந்து கேள்விகளுக்கு 'ஆம், இல்லை' மட்டும்தான், 3.0-இல் நான்கு நிலை. எஸ்எஃப்-36-இலும் முதல் பதிப்பில் ஆம், இல்லை என்றிருந்த, உடல்நிலையோ மனநிலையோ அன்றாடக் கடமைகளைத் தடுத்ததா என்பது பற்றிய ஏழு கேள்விகள் இரண்டாம் பதிப்பில் ஐந்து நிலையாகின. அலமாரியில் கிடந்த பழைய சீனப் படிவத்தைப் புதிய ஆங்கிலப் படிவத்தோடு ஒப்பிட்டால் எந்தப் புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது. நினைவுக் காலமும் அப்படியே: எஸ்எஃப்-36 வழக்கமாக நான்கு வாரம் கேட்கும், ஒரு வாரம் கேட்கும் வடிவமும் இருக்கிறது.

எழுத்தளவு இரண்டிலும் சமமாக இருக்கட்டும், முதியவர்களுக்கு 14 புள்ளிக்குக் குறையாமல். பக்கம் முறியும் இடமும் ஒன்றாக இருப்பது நல்லது. பக்கத்தின் பின்புறம் பார்க்காமல் விடப்படும் கேள்விகள்தான் காலியிடங்களில் பெரும்பங்கு.

காலியிடங்களுக்குப் படிவத்தின் சொந்த விதியையே பின்பற்றுங்கள். க்யூஎல்க்யூ-சி30-இல் ஓர் அளவுகோலில் பாதிக் கேள்விகளுக்காவது விடை இருந்தால் இருப்பவற்றின் சராசரியை எடுக்கலாம். ஃபேக்ட்-ஜியில் பகுதிக்குப் பாதிக்கு மேல் விடை வேண்டும். மொத்தத்துக்கு 80 சதவீதத்துக்கு மேல் வேண்டும்.

கடைசியாக, அனுமதி. இந்தப் படிவங்களுக்கு உரிமையாளர்கள் உண்டு. அவர்கள் தரும் மொழிபெயர்ப்பையே பயன்படுத்த வேண்டும். ஒரு சொல் பிடிக்கவில்லை என்று நீங்களே மாற்றி அச்சிடக்கூடாது. மாற்றினால் உங்கள் முடிவு வேறு யாருடைய முடிவோடும் ஒப்பிடத் தகாததாகிவிடும்.

எல்லோருமே 90-க்கு மேல் வாங்கினால் சமானம் எளிதில் நிறுவப்பட்டுவிடுமே?

சரியான சந்தேகம். சிகிச்சை முடிந்து நலமாக இருப்பவர்களை மட்டும் சேர்த்தால் இரு மொழியிலும் உச்சவரம்பில் முட்டி நிற்பார்கள். ஈக்யூ-5டியில் ஐந்து கேள்விக்கும் '1' போட்டவர்களே பாதிக்கு மேல் என்றால் மொழி வேறுபடுகிறதா என்பதைச் சோதிக்கவே இல்லை. ஈகாக் 2, 3 நிலையில் உள்ளவர்களையும், சிகிச்சை நடுவில் இருப்பவர்களையும் போதிய அளவு சேருங்கள். அப்போதுதான் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கும்: நன்றாக இருப்பவரையும் நலிந்தவரையும் இரு மொழியும் ஒரே அளவு பிரித்துக் காட்டுகிறதா? சராசரி சமமாகவும் பிரிக்கும் திறன் வேறாகவும் இருக்க இடமுண்டு.

சமானம் இல்லை என்று தெரிந்தால் தரவைத் தூக்கிப் போடுவதா?

வேண்டாம். எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தற்போக்கு மருந்துப் பரிசோதனை என்றால் இரண்டு சிகிச்சைக் குழுவிலும் சீனம் நிரப்பியவர் விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். மொழி எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளினால் கழித்தலில் அது மறைந்துவிடும். மொழியை வைத்துப் பிரித்துத் தற்போக்காக ஒதுக்கினால் இன்னும் பாதுகாப்பு. ஒருவரையே மாதாமாதம் பின்தொடரும் ஆய்வில் தொடங்கிய மொழியிலேயே கடைசிவரை கொடுங்கள். நடுவில் மொழி மாறினால் அந்தப் புள்ளியில் வரும் ஏற்ற இறக்கத்தை நோய் என்று படித்துவிடுவோம். நகரத்துக்கு நகரம், நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போதுதான் ஆபத்து முழுதாகத் தெரியும். அங்கே மொழியும் இடமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும், பிரிக்க வழியில்லை. அந்த ஒப்பீட்டைச் சமானம் காட்டிய அளவுகோல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மொழியால் சாய்வு காட்டிய கேள்வியை நீக்கி ஒருமுறை, வைத்து ஒருமுறை கணக்கிட்டு இரண்டையும் வெளியிடலாம். முதன்மை முடிவு அதிகாரபூர்வ மதிப்பெண்ணிலேயே இருக்கட்டும். எந்தக் கேள்வி, எந்தப் பக்கம், எவ்வளவு என்பதைப் படிவத்தின் உரிமையாளருக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த திருத்தத்துக்கு அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது எப்படிப் பொருந்தும்?

தமிழும் அங்கே ஆட்சிமொழி. க்யூஎல்க்யூ-சி30, ஃபேக்ட்-ஜி, ஈக்யூ-5டி மூன்றுக்குமே தமிழ்ப் பதிப்புகள் இருக்கின்றன. தடை எண்ணிக்கைதான். இந்தியர்கள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அவர்களிலும் தமிழில் வாசிக்க விரும்புபவர்கள் ஒரு பகுதியே. ஒரு மருத்துவமனையில் தமிழ்ப் படிவம் நிரப்பும் 274 புற்றுநோயாளிகளைத் திரட்டுவது நெடுங்கால வேலை. ஆகவே மிகக் குறைவான பேரிலேயே முடியும் இருமொழியாளர் வழியைத் தமிழுக்கு முதலில் எடுப்பது நல்லது. வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழில் வாசிக்கத் தடுமாறுபவர்கள் உண்டு என்பதால், சேர்க்கும்போது 'என்ன மொழி பேசுவீர்கள்' என்று கேட்காமல் ஒரு பத்தியை இரு மொழியிலும் வாசிக்கச் சொல்லித் தேர்ந்தெடுங்கள்.